சொன்னதைத் திரும்பி வந்து சொல்லுங்கள்
வாசகர் கேள்வி – பதில்

மக்கள் பிரதிநிதிகள் எப்படிப் பேசினால் மக்களுக்கு நம்பிக்கை வரும் என்பதுதான் இந்த இதழின் பொருள். கேள்வி அனுப்பியவர்களில் கவுன்சிலர்களும் உண்டு, கவுன்சிலர்கள் மேல் கோபத்தில் இருப்பவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் பயன்படும் கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நகராட்சியில் வார்டு கவுன்சிலராக இருக்கிறேன். குழாயில் தண்ணீர் வராத நாளில் போன் ஓயாது. ‘சரி பண்ணச் சொல்லியிருக்கேன்’ என்று எல்லோருக்கும் பொறுமையாகத்தான் பதில் சொல்கிறேன். ஆனாலும் திட்டுகிறார்கள். எங்கே தவறுகிறேன்?
— கவுன்சிலர், விருதுநகர் மாவட்டம்

உங்கள் பதிலில் பொறுமை இருக்கிறது, தகவல் இல்லை. போன் செய்யும் அம்மாவுக்குத் தெரிய வேண்டியது வேறு. இன்று துணி ஊறவைக்கலாமா, கேன் தண்ணீர் வாங்க வேண்டுமா, வேலைக்குப் போகலாமா, வீட்டில் இருந்து தண்ணீர் பிடிக்க வேண்டுமா? இதை அவர் முடிவுசெய்ய உங்கள் பதில் உதவவில்லை.

உடைப்பு என்று தெரிந்ததும் முதலில் ஃபிட்டரிடமும் உதவிப் பொறியாளரிடமும் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். உடைப்பு எந்த இடத்தில்? மாற்ற வேண்டிய பைப்பும் காலரும் கையிருப்பில் இருக்கின்றனவா, வெளியூரிலிருந்து வர வேண்டுமா? வேலை முடிந்தபிறகு மேல்நிலைத் தொட்டி நிரம்ப எத்தனை மணி நேரம்? பெரும்பாலான கவுன்சிலர்கள் மூன்றாவதைக் கேட்பதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொட்டி 1 லட்சம் லிட்டர். மோட்டார் நிமிடத்துக்கு 500 லிட்டர் ஏற்றுகிறது. காலித் தொட்டி நிரம்ப 200 நிமிடம், அதாவது மூன்று மணி நேரம் இருபது நிமிடம். ஃபிட்டர் மாலை 4 மணிக்கு வேலையை முடித்தால் தொட்டி நிரம்ப 7.20 ஆகும். அதன்பிறகு வால்வு முறைப்படி தெருத் தெருவாகத் திறந்தால் கடைசித் தெருவுக்கு மறுநாள் காலைதான் தண்ணீர். நீங்களோ ‘நாலு மணிக்குச் சரியாகிவிடும்’ என்று சொல்லியிருப்பீர்கள். நாலு மணிக்குக் குழாயைத் திறந்த கடைசித் தெருக்காரருக்கு நீங்கள் பொய்யர். ஃபிட்டர் சொன்னதும் உண்மை, நீங்கள் சொன்னதும் உண்மை, ஆனால் மக்களிடம் சொல்ல வேண்டியது குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை; வேலை முடியும் நேரத்தை அல்ல.

அறிவிப்பு இப்படி இருக்கலாம்: ‘பம்ப் ஹவுஸ் அருகே மெயின் லைன் உடைந்துவிட்டது. மேட்டுத் தெரு, பள்ளிவாசல் தெரு, காலனி ஆகிய மூன்று இடங்களுக்கும் இன்று பகலில் தண்ணீர் வராது. மேட்டுத் தெருவுக்கு இன்று இரவு 8 மணிக்கும், மற்ற இரண்டுக்கும் நாளை காலை 6 மணிக்கும் வரும் என்று எதிர்பார்க்கிறோம். மாலை 5 மணிக்கு நிலைமையை மறுபடி சொல்கிறேன்.’ அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஐந்து மணிக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்றாலும், ‘இன்னும் வேலை முடியவில்லை, அடுத்த தகவல் 8 மணிக்கு’ என்று சொல்லியே ஆக வேண்டும். கெட்ட செய்தியானாலும் சொன்ன நேரத்தில் வந்து சொல்பவரை மக்கள் அடுத்த முறை நம்புவார்கள்.

லாரித் தண்ணீர் அனுப்புவதற்கும் கணக்கு வேண்டும். 9,000 லிட்டர் லாரியில் 15 லிட்டர் குடம் 600 நிரம்பும். வீட்டுக்கு ஐந்து குடம் என்றால் 120 வீடு. 300 வீடு இருக்கும் பகுதிக்கு மூன்று நடை தேவை. ‘லாரி அனுப்பிட்டேன்’ என்று சொல்லி ஒரு நடை மட்டும் அனுப்பினால் 180 வீட்டுக்காரர்கள் காலிக் குடத்தோடு திரும்புவார்கள். லாரி அனுப்பாமல் இருந்திருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது. எத்தனை நடை, எந்த முனையில் எத்தனை மணிக்கு, வீட்டுக்கு எத்தனை குடம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். லாரியை எப்போதும் தெருவின் ஒரே முனையில் நிறுத்தினால் மறுமுனைக்காரர்கள் அதைப் பாரபட்சம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

தண்ணீர் வந்தபின் ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. முதலில் வரும் தண்ணீர் கலங்கலாக இருக்கலாம், சற்று நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கள் என்று சொல்லுங்கள். அதோடு இந்த லைன் இந்த ஆண்டில் எத்தனை முறை உடைந்தது, மாற்றுவதற்கான மதிப்பீடு எந்தத் தேதியில் மன்றத்துக்குப் போனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ரூஸ்வெல்ட்டின் வானொலிப் பேச்சைத் தலைமைப் பண்புக்கு உதாரணமாகக் கல்லூரியில் சொல்கிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது? நல்ல குரல் என்பதுதானா?
— அரசியல் அறிவியல் மாணவி, திருச்சி

குரல் உதவியிருக்கும். ஆனால் வேலையைச் செய்தது உள்ளடக்கம்.

1933 மார்ச் 4 அன்று பிராங்ளின் ரூஸ்வெல்ட் அமெரிக்க அதிபராகப் பதவியேற்றபோது, வங்கிகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. மக்கள் பணத்தை எடுத்து வீட்டில் பதுக்கினார்கள். அதனாலேயே நல்ல வங்கிகளும் விழுந்தன. மார்ச் 6 அன்று நாடு முழுவதும் வங்கிகளுக்கு விடுமுறை அறிவித்தார். மார்ச் 9 அன்று அவசரச் சட்டம் நிறைவேறியது. மார்ச் 12, ஞாயிறு இரவு 10 மணிக்கு வானொலியில் பேசினார். கால் மணி நேரத்துக்கும் குறைவான பேச்சு அது.

அதன் அமைப்பைக் கவனியுங்கள். ‘வங்கிகளைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசப் போகிறேன்’ என்று நேராகத் தொடங்குகிறார். அடுத்து, நீங்கள் போடும் பணத்தை வங்கி பெட்டகத்தில் பூட்டி வைப்பதில்லை, கடனாகவும் முதலீடாகவும் வெளியே விடுகிறது, ஆகவே எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் எந்த நல்ல வங்கியாலும் கொடுக்க முடியாது என்று விளக்குகிறார். பயந்தவர்களை முட்டாள்கள் என்று சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரியவைத்தார். மூன்றாவதாக அட்டவணை: திங்கள் அன்று மத்திய வங்கியான பெடரல் ரிசர்வின் வங்கிகள் உள்ள பன்னிரண்டு நகரங்களில் திறக்கும், செவ்வாய் அன்று வங்கிகள் தமக்குள் காசோலைக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் தீர்வக வசதி உள்ள நகரங்களில், புதன் முதல் சிற்றூர்களில். உங்கள் ஊர் வங்கி திங்கள் அன்று திறக்காவிட்டால் அது மூழ்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம் என்று, வரக்கூடிய பீதிக்கும் முன்பே பதில் சொல்லிவிட்டார்.

நான்காவது பகுதியைப் பேச்சாளர்கள் பலர் தவறவிடுகிறார்கள். எல்லா வங்கிகளும் மறுபடி திறக்கும் என்றோ, யாருக்கும் நட்டம் வராது என்றோ நான் வாக்குத் தரவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அந்த எல்லையை அவர் வரைந்ததால்தான் மற்றவை நம்பத்தக்கவையாக இருந்தன. மறுநாள் வங்கிகள் திறந்தபோது பணத்தைத் திருப்பிப் போடுவதற்காக வரிசை நின்றது. மார்ச் 15 அன்று பங்குச்சந்தை திறந்தபோது டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 15 சதவீதத்துக்கு மேல் ஏறியது.

இன்னொன்றையும் பாடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பேச்சுக்கு முன் சட்டம் வந்துவிட்டது, வங்கிகளைத் தரம்பிரிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. செயல் இல்லாமல் அதே பேச்சைப் பேசியிருந்தால் திங்கள் மதியமே சாயம் வெளுத்திருக்கும். பதவியிலிருந்த பன்னிரண்டு ஆண்டுகளில் இப்படிப்பட்ட பேச்சுகள் சுமார் முப்பதுதான். தினமும் பேசினால் கேட்க ஆளிருக்காது என்பதை அவர் அறிந்திருந்தார். 1942 பிப்ரவரியில் போர்நிலையைப் பற்றிப் பேசுமுன், உலக வரைபடத்தை எதிரில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கேட்பவர் தானே பார்த்துச் சரிபார்க்க முடியும் என்ற மரியாதை அந்த வேண்டுகோளில் இருக்கிறது.

மேடையில் செந்தமிழா, பேச்சுத் தமிழா?
— வாசகர், தஞ்சாவூர்

அறிவிப்பு பேச்சுத் தமிழில் இருக்கட்டும். எழுதித் தரும் உத்தரவாதம் எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும். ஒரே செய்தி இரண்டிலும் மாறாமல் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். 2020 பிப்ரவரி 7 அன்று சிங்கப்பூரில் கொரோனா நோய் எச்சரிக்கை நிலை உயர்ந்தவுடன் கடைகளில் அரிசிக்கும் நூடுல்ஸுக்கும் கூட்டம் அலைமோதியது. மறுநாள் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் ஆங்கிலம், மாண்டரின், மலாய் ஆகிய மூன்று மொழிகளிலும் தானே பேசினார். மொழிபெயர்ப்பாளர் வழியாக வருவதும் தலைவர் வாயிலிருந்து நேரடியாக வருவதும் கேட்பவருக்கு ஒன்றல்ல.

வார்டு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினேன். ஒரே மாதத்தில் ‘குட் மார்னிங்’ படங்களும் கட்சிச் சண்டையும்தான் மிச்சம். மூடிவிடலாமா?
— பேரூராட்சி உறுப்பினர், ஈரோடு மாவட்டம்

மூட வேண்டாம், பிரித்துவிடுங்கள். அறிவிப்புக்குத் தனி இடம், புகாருக்குத் தனி வழி.

அறிவிப்புக்கு வாட்ஸ்அப் சேனல் நல்லது. குரூப்பில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். அதனால் தொல்லைக்குப் பயந்து பல பெண்கள் சேருவதே இல்லை, சேர்ந்தவர்களும் வெளியேறிவிடுவார்கள். சேனலில் பின்தொடர்பவர் எண் மற்றவர்களுக்குத் தெரியாது. பிராட்காஸ்ட் பட்டியலில் ஒரு சிக்கல் உண்டு: உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போகும். அனுப்பிவிட்டேன் என்று நீங்கள் நினைப்பீர்கள், பாதிப்பேருக்குப் போயிருக்காது.

புகாருக்கு ஒரு தனி எண் வையுங்கள். தெரு, அடையாளம், எப்போதிலிருந்து, ஒரு படம் என நான்கும் இருந்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் வரிசை எண் போட்டு அந்த எண்ணை அனுப்பியவருக்குச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் சேனலில் ஒரு கணக்கு: இந்த வாரம் வந்தது எத்தனை, முடிந்தது எத்தனை, முடியாதவை எவை, ஏன். முடியாதவற்றை மறைத்தால் அந்தப் பட்டியலுக்கு மதிப்பே இல்லை.

குரல் பதிவு ஒரு நிமிடத்துக்குள் இருக்கட்டும், கூடவே அதையே எழுத்திலும் போடுங்கள். மில்லில் வேலையில் இருப்பவரால் குரலைக் கேட்க முடியாது, படிக்கத் தெரியாத பாட்டியால் எழுத்தைப் படிக்க முடியாது. ஸ்மார்ட்போனே இல்லாதவர்களுக்கு ரேஷன் கடைப் பலகையும் பால் சொசைட்டிச் சுவரும் இருக்கின்றன. உதவி பெற்றவரின் முகத்தைப் படமெடுத்துப் போடாதீர்கள். வாங்கியவர் கூசுவார், அடுத்து வர வேண்டியவர் வராமலே இருந்துவிடுவார்.

தேர்தல் வாக்குறுதியை யார்தான் நம்புகிறார்கள்? அதைப்பற்றி எழுதுவதே வீண் இல்லையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

வீண் இல்லை ஐயா. வாக்குறுதியை மக்கள் நினைவில் வைத்திருப்பதற்குச் சான்று நிறைய. 1988 ஆகஸ்டில் ஜார்ஜ் புஷ் கட்சி மாநாட்டில் ‘புதிய வரி கிடையாது’ என்று முழங்கினார். அதிபராகி 1990-ல் பற்றாக்குறையைக் குறைக்க வரியை உயர்த்த ஒப்புக்கொண்டார். வரி உயர்வுக்குப் பொருளாதாரக் காரணம் இருந்தது. ஆனால் 1992 தேர்தலில் எதிராளிகள் அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார்கள். அவர் தோற்றார். சூழ்நிலை மாறினால் என்ன செய்வேன் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை.

நம் ஊரில் 1967 தேர்தலில் தி.மு.க. ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்றது. ஆசை எது, உறுதி எது என்று ஒரே வரியில் பிரித்துக் காட்டிய வாசகம் அது. வென்றபின் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பட்டது. நிதிச் சுமையால் மாநிலம் முழுவதற்கும் விரிக்க முடியவில்லை. எவ்வளவு என்பதில் இருந்த தெளிவு எங்கெல்லாம் என்பதில் இல்லை. விமர்சனம் புகுந்ததும் அந்த வழியில்தான்.

எனவே ஒரு வாக்குறுதியைக் கேட்டால் நான்கு கேள்விகளைப் போடுங்கள். இது அவர் அதிகாரத்தில் உள்ளதா? பணம் எந்தத் தலைப்பிலிருந்து? எந்தத் தேதிக்குள்? முதல் ஆறு மாதத்தில் நம் கண்ணுக்கு என்ன தெரியும்? கவுன்சிலர் ஒருவர் ‘அரசுக் கல்லூரி கொண்டுவருவேன்’ என்றால் அது அவர் கையில் இல்லை. ‘கல்லூரி கேட்டு மன்றத்தில் தீர்மானம் கொண்டுவருவேன், அதன் நகலை ஒட்டுவேன்’ என்றால் அது அவர் கையில் உண்டு. வேட்பாளர் இரண்டாவது விதமாகப் பேசினால் கைதட்டல் குறைவாகத்தான் விழும். அப்படிப் பேசுபவரை உங்களைப் போன்ற ஆசிரியர்கள் எழுந்து நின்று ஆதரிக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

தலைவர் தவறை ஒப்புக்கொண்டால் பலவீனம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?
— கட்சி இளைஞரணி நிர்வாகி, சேலம்

1961 ஏப்ரலில் கியூபாவின் பன்றிகள் வளைகுடாவில் அமெரிக்கா ஏவிய படையெடுப்பு படுதோல்வி அடைந்தது. அதிபர் கென்னடி பதவிக்கு வந்து மூன்று மாதம்தான். திட்டம் முந்தைய ஆட்சியில் உருவானது என்று தப்பித்திருக்கலாம். அரசின் பொறுப்பான அதிகாரி நானே என்றார். அடுத்து வந்த காலப் கருத்துக்கணிப்பில் அவருக்கு ஆதரவு 83 சதவீதம்.

1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதே ஆண்டு மகபூப்நகர் விபத்துக்குப் பிறகும் விலக முன்வந்தவர் அவர். அப்போது நேரு ஏற்கவில்லை. அந்த மனிதர்தான் பின்னாளில் பிரதமரானார்.

ஒப்புக்கொள்வதில் முறை இருக்கிறது. ‘தவறு நடந்திருந்தால் வருந்துகிறேன்’ என்று தொடங்காதீர்கள். ‘இருந்தால்’ என்ற சொல் பாதிக்கப்பட்டவரையே சந்தேகிக்கிறது. என்ன நடந்தது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு என்ன செய்திருக்கிறீர்கள், இனி எந்த நடைமுறை மாறுகிறது, எந்தத் தேதியில் மறுபடி அறிக்கை தருவீர்கள் என்று சொல்லுங்கள். ‘முந்தைய ஆட்சியில்…’ என்று ஆரம்பித்தால் முன்னால் சொன்ன எல்லாம் வீண். பதவி விலகலோடு நின்றுவிட்டாலும் போதாது, பாலத்தைக் கண்காணிக்க ஆள் போட்டாக வேண்டும்.

‘ஊருக்கு உபதேசம்’ செய்யும் தலைவர்களைப் பற்றி எழுதுங்களேன்.
— இல்லத்தரசி, நாகர்கோவில்

சாஸ்திரியையே எடுத்துக்கொள்வோம். 1965-ல் போரும் உணவுப் பற்றாக்குறையும் சேர்ந்து வந்தபோது, வாரத்தில் ஒரு வேளை உணவைத் தவிர்க்குமாறு நாட்டு மக்களைக் கேட்டார். அதற்கு முன் தன் வீட்டில் அதைச் செய்து பார்த்தார். குழந்தைகளால் தாங்க முடிகிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே மற்றவர் வீட்டுக் குழந்தைகளைப் பற்றிப் பேசினார். திங்கள் மாலைகளில் உணவகங்கள் அடைக்கப்பட்டன.

எதிர்ப்பக்கம் 2020. பிரிட்டனில் பொதுமுடக்க விதியைப் போட்ட பிரதமரின் தலைமை ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ், லண்டனிலிருந்து டர்ஹாமுக்குக் குடும்பத்தோடு கார் ஓட்டிச் சென்றது மே மாதம் வெளிவந்தது. பிரதமர் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. அதன்பின் இங்கிலாந்தில் அரசின் மீதான நம்பிக்கை சரிந்ததை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். ஸ்காட்லாந்தில் அதே போன்ற தவறைச் செய்த தலைமை மருத்துவ அதிகாரி ஏப்ரலிலேயே விலகினார். நியூசிலாந்தில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போன சுகாதார அமைச்சரைப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன் அமைச்சரவை வரிசையில் கடைசிக்குத் தள்ளினார். விதி மீறல் மூன்று இடத்திலும் நடந்தது. அடுத்து தலைவர் என்ன செய்தார் என்பதை மக்கள் பார்த்தார்கள்.

கிராம சபைக்குப் போனால் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். கணக்குக் கேட்பது எப்படி?
— விவசாயி, புதுக்கோட்டை மாவட்டம்

முதலில் உங்கள் உரிமை. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர். யாரும் அழைக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைவெண் வரம்பும் உண்டு: 500 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. கூட்டமே இல்லாத இடத்தில் கையெழுத்துக்காக நோட்டு வீடுவீடாகப் போவது இந்த எண்ணிக்கையைக் காட்டத்தான். பேசி முடித்துத் தீர்மானத்தை வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போடவே போடாதீர்கள்.

‘கணக்கைக் காட்டு’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக, மேலத்தெரு சிமென்ட் சாலை. நீளம், அகலம், கனம் எவ்வளவு, மதிப்பீடு எவ்வளவு, எந்த நிதி, ஒப்பந்தக்காரருக்கு எந்தத் தேதியில் எவ்வளவு கொடுக்கப்பட்டது? கையில் டேப்போடு முன்கூட்டியே போய் அளந்து வைத்திருங்கள். பதில் கிடைக்காவிட்டால் அந்தக் கேள்வியையே தீர்மான நோட்டில் பதியச் சொல்லுங்கள். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டு, வேலையின் அளவுகளைப் பதிந்து வைக்கும் அளவுப் புத்தகத்தின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

இந்த வழியை நாட்டுக்குக் காட்டியவர்கள் ராஜஸ்தான் கிராமத்து மக்கள். 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பு முதல் பொது விசாரணையை நடத்தியது. கூலிப் பட்டியலை ஊர் நடுவே சத்தமாக வாசித்தார்கள். வேலையே செய்யாதவர் பெயரில் கூலி, முடியாத கட்டடத்துக்கு முழுப் பணம் என்பதெல்லாம் வாசிக்க வாசிக்க வெளிவந்தது. ‘நம் பணம், நம் கணக்கு’ என்ற அந்தக் குரல்தான் வளர்ந்து 2005-ல் தகவல் உரிமைச் சட்டமானது.

தலைவர் பக்கம் இருப்பவர்களுக்கும் ஒன்று. கேட்கும்முன் நீங்களே வாசித்துவிடுங்கள். பிளெக்ஸில் பொடி எழுத்தில் மாட்டுவதைவிட, ஐந்து பெரிய செலவுகளை மைக்கில் நிதானமாகப் படிப்பது மேல். வேலை நடந்த தெருக்காரர் உட்கார்ந்திருக்கும்போது படிப்பதால் தவறிருந்தால் அங்கேயே தெரியும், தவறில்லை என்றாலும் அங்கேயே தெரியும். கூட்டத்துக்குத் தண்டோரா போடும் வழக்கம் வேண்டாம் என்று 2022-ல் தமிழ்நாடு அரசு அறிவுறுத்திவிட்டது. ஒலிபெருக்கி கட்டிய வண்டி காலனி உட்பட எல்லாத் தெருவுக்கும் போகிறதா என்று பாருங்கள்.

ஏரி திறப்பு எச்சரிக்கை வருகிறது, ஆனால் என்ன செய்வது என்றே புரிவதில்லை. 2015-ல் பட்ட பயம் இன்னும் போகவில்லை.
— வாசகர், சென்னை, சைதாப்பேட்டை

‘வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி நீர் திறக்கப்படுகிறது, கரையோர மக்கள் பாதுகாப்பாக இருக்கவும்’ என்பது அணைக்கான மொழி. பொறியாளருக்கு அது போதும். ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து அதிகபட்சமாக 29,000 கன அடி வெளியேறியதாக அரசு கூறியது. வினாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். இப்படி மாற்றிச் சொன்னாலும், சைதாப்பேட்டையில் தரைத்தளத்தில் தூங்குபவருக்கு முட்டியளவா கழுத்தளவா என்று தெரியாது. ஏரி நீரோடு வழியில் மற்ற ஏரிகளின் உபரியும் மழைநீரும் அடையாற்றில் சேர்ந்ததால், ஏரிக் கணக்கை மட்டும் கேட்டவருக்கு ஆற்றின் நிலையும் தெரிந்திருக்காது.

எச்சரிக்கையில் நான்கு வேண்டும். எந்தத் தெருக்கள், பெயர் சொல்லி. எத்தனை மணிக்குள் எவ்வளவு உயரம் வரலாம் என்பது, போன வெள்ளத்தின் அடையாளத்தோடு: ‘2015-ல் தண்ணீர் ஏறிய வீடுகள் எல்லாம்’. எங்கே போக வேண்டும், எந்தப் பள்ளி, எந்த வழி. சொல்பவர் யார், அவர் பதவி. ‘பாதுகாப்பாக இருக்கவும்’ என்பதற்குப் பதில் ‘இரவு 9 மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்புங்கள்’ என்று வினையாகச் சொல்லுங்கள். 2015-ல் மின்சாரமும் போன் கோபுரங்களும் விழுந்தன. ஆகவே செயலியை மட்டும் நம்ப முடியாது. கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகளுக்கு பேட்டரி இருக்கிறதா, சாவி யாரிடம் என்பதைச் செப்டம்பரிலேயே உங்கள் கவுன்சிலர் எழுதி வைத்திருக்க வேண்டும். போய்க் கேளுங்கள்.

எச்சரித்து வெள்ளம் வராமல் போனால்? மறுநாள் காலையே ‘மழை குறைந்ததால் திறப்பைக் குறைத்தோம், நீங்கள் கிளம்பியது சரியான முடிவு’ என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த முறை யாரும் கிளம்ப மாட்டார்கள்.

திட்ட விளம்பரங்களில் தலைவர் படம் போடலாமா?
— வாசகர், வேலூர்

அரசுப் பணத்தில் வரும் விளம்பரங்களில் யார் படம் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015 மே மாதம் வரம்பு விதித்தது. 2016 மார்ச்சில் அதைத் தளர்த்தி முதல்வர், ஆளுநர், துறை அமைச்சர் படங்களையும் அனுமதித்தது. சட்டப்படி போடலாம். எங்கள் கருத்தில், பாதி இடத்தைப் படம் பிடித்துக்கொண்டு ‘யாரிடம் விண்ணப்பிப்பது, கடைசித் தேதி என்ன’ என்பது மூலையில் ஒடுங்கினால் அந்த விளம்பரம் திட்டத்துக்கு உதவவில்லை.

முதல்வரோ அமைச்சரோ நேரில் மனு வாங்குவதால் நம்பிக்கை கூடுமா?
— சமூக ஆர்வலர், கோவை

கூடும், ஆனால் கூடிய வேகத்தில் குறையவும் செய்யும். கேரளத்தில் உம்மன் சாண்டி மாவட்டம் மாவட்டமாக நடத்திய மக்கள் தொடர்பு நிகழ்ச்சியில் மணிக்கணக்கில் நின்று மனு வாங்கினார். அதற்கு 2013-ல் ஐ.நா.வின் பொதுச்சேவை விருது கிடைத்தது. கிராம அலுவலர் முடிக்க வேண்டிய வேலைக்கு முதல்வர் எதற்கு என்ற விமர்சனமும் வந்தது. இரண்டிலும் நியாயம் உண்டு. மேலே வந்து குவியும் மனுக்கள் கீழே எங்கே அடைப்பு என்று காட்டும் தகவல். ஒரே தாலுகாவிலிருந்து பட்டா மாறுதல் மனு நூற்றுக்கணக்கில் வந்தால், ஒவ்வொன்றையும் தீர்ப்பதோடு அந்தத் தாலுகா அலுவலகத்தையும் கவனித்தாக வேண்டும்.

நம் கலெக்டர் அலுவலகத் திங்கள்கிழமை குறைதீர் கூட்டமானாலும் சரி, அமைச்சர் வருகையானாலும் சரி, மனு கொடுத்தவர் கையில் பதிவு எண் இருக்க வேண்டும். பெரும்பாலும் மக்கள் கசந்துபோவது ‘தங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது’ என்ற குறுஞ்செய்தியோடு மனு முடித்துவைக்கப்படும்போது. அனுப்பியது தீர்வு ஆகாது. முடியாது என்றால் எந்த விதியால் முடியாது, மேல்முறையீடு யாரிடம் என்று எழுதித் தர வேண்டும். காரணத்தோடு வரும் ‘முடியாது’ மனுதாரரின் நேரத்தைக் காப்பாற்றும்.

‘குடிதண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டது’ என்று வதந்தி. மறுத்து அறிக்கை விட்டும் யாரும் நம்பவில்லை.
— நகராட்சி உறுப்பினர், திருவண்ணாமலை மாவட்டம்

‘வதந்திகளை நம்ப வேண்டாம்’ என்ற அறிக்கை வதந்தியை இன்னும் நாலு பேருக்குக் கொண்டுபோகும். முதலில் அது வதந்திதானா என்று பாருங்கள். பழைய லைனும் சாக்கடையும் அருகருகே ஓடும் தெருவில், தண்ணீர் விடாத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இறங்கும்போது கழிவுநீர் உறிஞ்சப்படுவது நடக்கக்கூடியது. நாற்றம் என்று புகார் சொன்ன வீட்டுக்கே போங்கள், தெருக்காரர் இருவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். தெருவின் கடைசிக் குழாயில் குளோரின் சோதனை செய்து காட்டுங்கள். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். சோதனைக் குழாயின் நிறத்தை அவர்களே அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். குளோரின் இருப்பதாலேயே தண்ணீர் சுத்தம் என்று சொல்லிவிடாதீர்கள், கிருமிச் சோதனைக்கு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வரும் தேதியைச் சொல்லுங்கள். அதுவரை கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். முடிவு எப்படி வந்தாலும் அந்தத் தாளை அதே தெருவில் ஒட்டுங்கள். மோசமாக வந்திருந்தால் பக்கத்திலேயே இன்னொரு தாள் வேண்டும்: எந்த இடத்தில் தோண்டப் போகிறோம், எந்த நாள், அதுவரை லாரி எத்தனை மணிக்கு.